மாற்று அட்டை காமிக்ஸ்: மலையகச் சேகரிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளை, கண்டிப் பக்கம் காமிக்ஸ் சேர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். வேரியன்ட் என்று சொல்லப்படும் மாற்று அட்டைகளைப் பற்றித்தான் பேச்சு. பிடிக்கவும் செய்கிறது, எரிச்சலும் வருகிறது என்று சொல்பவர்களே அதிகம். இரண்டுக்கும் காரணம் உண்டு.

மாற்று அட்டை என்றால் உள்ளே கதையும் மாறுமா?

மாறாது. ஒரே கதை, ஒரே பக்கங்கள், ஒரே விளம்பரங்கள். வெளி அட்டை மட்டும் வேறு. பதிப்பகம் முதன்மையாக வெளியிடுவது ஏ அட்டை. அதற்குப் பிறகு பி, சி, டி என்று போகும். கதை படிப்பதுதான் நோக்கம் என்றால் ஏ அட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம், எதையும் இழக்கப் போவதில்லை.

அட்டையை வரைந்தவர் வேறு, உள்ளே வரைந்தவர் வேறு என்பதையும் மனதில் வையுங்கள். அட்டை ஓவியர் ஆர்ட்ஜெர்ம் வரைந்த முகத்தைப் பார்த்து வாங்கி, உள்ளே அந்தச் சாயலே இல்லை என்று நொந்துகொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒன்லைனில் வாங்கும்போது உள்பக்கங்களின் மாதிரியைப் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது?

1976, 1977இல் மார்வல் அமெரிக்காவின் சில நகரங்களில் மட்டும் விலையைக் கூட்டிப் பரிசோதித்துப் பார்த்தது. 25 சத இதழ் 30 சதத்துக்கும், அடுத்த ஆண்டு 30 சத இதழ் 35 சதத்துக்கும் அங்கே விற்றது. படம் ஒன்றுதான், அட்டையில் அச்சான விலை மட்டும் வேறு. அவை இன்று அதிகம் தேடப்படுகின்றன. ஆனால் அன்று யாரும் சேகரிப்பாளருக்காக அவற்றை அச்சிடவில்லை.

வேண்டுமென்றே இரண்டு படங்களோடு வந்ததற்கு முதல் உதாரணமாகப் பலரும் காட்டுவது 1986இல் டிசி வெளியிட்ட 'மேன் ஒஃப் ஸ்டீல்' முதல் இதழ். ஒரு அட்டை பத்திரிகைக் கடைகளுக்கு, மற்றது காமிக்ஸ் கடைகளுக்கு. 1990இல் 'ஸ்பைடர்மேன்' முதல் இதழ் பச்சை, வெள்ளி, தங்கம் என்று வந்தது. 1991இல் 'எக்ஸ்-மென்' முதல் இதழ் ஐந்து அட்டைகளோடு வந்தது. நான்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே பெரிய படம், ஐந்தாவதை விரித்தால் அந்த முழுப் படமும் அதிலேயே இருக்கும். எண்பது இலட்சம் பிரதிகள் அளவில் கடைகளுக்குப் போனது. வாங்கியவர்களில் நிறையப் பேர் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் இன்று அது சில டொலர்களுக்குக் கிடைக்கிறது. அந்தக் காலத்து மினுமினுப்பு அட்டை, இருட்டில் ஒளிரும் அட்டை, ஹொலோகிராம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். சந்தை சரிந்தது, கடைகள் மூடின, 1996 டிசம்பரில் மார்வலே வங்குரோத்து மனு போட்டது.

1:10, 1:25, 1:100 என்று போட்டிருக்கிறதே, அது என்ன கணக்கு?

பலரும் தவறாக விளங்கிக்கொள்வது இதைத்தான். 1:25 என்றால் அச்சான 25 பிரதிகளில் ஒன்று என்று பொருள் இல்லை. ஒரு கடைக்காரர் சாதாரண அட்டையில் 25 பிரதி எடுத்தால், இந்த அட்டையில் ஒன்றை வாங்க அவருக்கு உரிமை கிடைக்கும். அவ்வளவுதான். எத்தனை அச்சடித்தோம் என்று பதிப்பகம் சொல்வதில்லை.

விலை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இதழின் விலை 4.99 டொலர். கடைக்காரருக்கு ஏறக்குறைய பாதி விலையில் கிடைக்கிறது என்று வைத்தால் ஒரு பிரதி 2.50 டொலர். அவர் கடையில் அந்தத் தொடர் 12 பிரதிதான் ஓடும். 1:25 அட்டைக்காக இன்னும் 13 பிரதி எடுக்கிறார். அந்த 13க்கும் 32.50 டொலர். அவை விற்காமல் கிடக்கும் என்று தெரிந்தே எடுப்பதால், அந்த முழுத் தொகையையும் ஒரு மாற்று அட்டையின் தலையில் ஏற்றுகிறார். அதனால்தான் அது 30, 40 டொலருக்கு விற்பனைக்கு வருகிறது. இதே தொடர் மாதம் 200 பிரதி ஓடும் பெரிய கடைக்கு எட்டு மாற்று அட்டைகள் மேலதிகப் பிரதி எடுக்காமலே கிடைத்துவிடும். அவர் 15 டொலருக்குக் கொடுத்தாலும் இலாபம்தான்.

ஆக, விலை படத்தின் அழகில் இருந்து வருவதில்லை. கடைக்காரர் தேவைக்கு மேல் எடுத்த பிரதிகளின் சுமையில் இருந்து வருகிறது. இது பிடிபட்டால் பாதி ஏமாற்றம் தவிரும். அமோகமாக ஓடும் தொடரின் 1:25 பெரும்பாலும் அபூர்வமே இல்லை, ஏனென்றால் எல்லாக் கடையும் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடும். யாரும் சீண்டாத தொடரின் 1:25தான் உண்மையில் கிடைப்பது கடினம்.

அப்படி ஒன்று பெரிய விலைக்குப் போனதுண்டா?

உண்டு. 2011இல் வந்த 'அல்டிமேட் ஃபோல்அவுட்' நான்காம் இதழில்தான் புதிய ஸ்பைடர்மேனான மைல்ஸ் மொராலெஸ் முதலில் தோன்றினான். அதன் 1:25 அட்டை பின்னாளில் ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்றது. இந்தப் பையன் படம் வரை போவான் என்று அன்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் குறைவாக எடுத்தார்கள், அதனால்தான் விலை ஏறியது. "இது நாளைக்கு ஏறும்" என்று விளம்பரப்படுத்தி விற்கும் அட்டையை எல்லோருமே எடுத்து வைப்பார்கள். ஒரு மைல்ஸுக்குப் பின்னால் ஐந்து டொலருக்கும் போகாத ஆயிரம் அட்டைகள் பெட்டிகளில் தூங்குகின்றன. முதலீடு என்று நினைத்து மாற்று அட்டை வாங்க வேண்டாம் என்பதுதான் எங்கள் நிலைப்பாடு.

பிறகு ஏன் சேகரிப்பாளர்கள் இதை ஒரே நேரத்தில் விரும்பவும் திட்டவும் செய்கிறார்கள்?

விரும்புவதற்குக் காரணம் படம். மாதம் இருபது பக்கம் வரைய நேரமில்லாத ஓவியர்கூட ஒரு அட்டை வரைந்து தருவார். ஸ்கொட்டி யங் வரைந்த குழந்தை வடிவ நாயகர்கள், பீச் மொமொகோவின் நீர்வண்ணம் எல்லாம் இந்த வழியில்தான் பலருக்கு அறிமுகமாயின. பிடித்த ஓவியருக்கு அட்டைப் பணத்தில் பிழைப்பு நடக்கிறது என்பதும் சின்ன விஷயம் இல்லை.

திட்டுவதற்குக் காரணங்கள் அதைவிட நீளம். ஒரு தொடரின் விற்பனை உண்மையில் எவ்வளவு என்றே தெரியாமல் போகிறது. முதல் இதழ் பத்து அட்டைகளால் ஊதிப் பெருக்கும், நான்காம் இதழில் காற்று இறங்கும், எட்டாம் இதழில் தொடரையே நிறுத்துவார்கள். கதையை நம்பி வாங்கியவருக்குத்தான் நட்டம். சிறிய கடைக்காரர் விற்காத பிரதிகளைச் சுமக்கிறார். எல்லாவற்றையும் சேர்த்தே ஆக வேண்டும் என்ற குணம் உள்ளவரை இது நேராகப் பணப்பையில் அடிக்கிறது.

எங்களைக் கேட்டால் பழி படத்தின் மேல் இல்லை, விகிதத்தின் மேல். யாரும் விரும்பிய எண்ணிக்கையில் எடுக்கக்கூடிய பி, சி அட்டைகள் மேல் எந்தக் கோபமும் தேவையில்லை. பிடித்ததை எடுத்து மற்றதை விடலாம். 1:50, 1:100 என்பவைதான் கடைக்காரரைச் சூதாட வைக்கின்றன.

ஒரு தொடரின் எல்லா அட்டைகளையும் சேர்க்க முடியுமா?

2015இல் மார்வல் வெளியிட்ட 'ஸ்டார் வோர்ஸ்' முதல் இதழுக்கு 60க்கு மேல் அட்டைகள். பாதிக்கு மேல் தனித்தனிக் கடைகளுக்கென்றே அச்சானவை. ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்து, எல்லாமே 4.99 டொலருக்குக் கிடைத்தன என்று கற்பனை செய்தாலும் 90,000 ரூபாய், ஒரே கதைக்கு. விகித அட்டைகளைச் சேர்த்தால் கணக்கே வேறு. முடியுமா என்றால் முடியும். வேண்டாம்.

அதற்குப் பதில் ஒரு வரம்பு போட்டுக்கொள்பவர்கள்தான் நீண்ட காலம் நிம்மதியாகச் சேர்க்கிறார்கள். ஒரே ஓவியரின் அட்டைகள் மட்டும். அல்லது ஒரே பாத்திரம். அல்லது பழைய புகழ்பெற்ற அட்டையைத் திரும்ப வரைந்த அஞ்சலி அட்டைகள் மட்டும். இன்னொரு மலிவான வழியும் இருக்கிறது: ஐந்தாறு இதழ்களைச் சேர்த்துத் தொகுப்பாக வரும்போது, கடைசிப் பக்கங்களில் மாற்று அட்டைகளைப் பெரும்பாலும் அச்சிட்டுவிடுவார்கள். படத்தை இரசிக்க அது போதும்.

கையில் இருப்பது எந்த அட்டை, எந்த அச்சு என்று எப்படி அறிவது?

பார்கோடைப் பாருங்கள். பெரிய பார்கோடுக்கு வலப்பக்கம் ஐந்து இலக்கம் கொண்ட சின்னப் பார்கோடு ஒன்று இருக்கும். மார்வல், டிசி போன்ற பெரிய பதிப்பகங்களில் அதை வாசிக்கும் முறை பொதுவாக இப்படி: முதல் மூன்று இலக்கம் இதழ் எண், நான்காவது அட்டை, ஐந்தாவது எத்தனையாவது அச்சு.

00111 என்றால் முதல் இதழ், ஏ அட்டை, முதல் அச்சு. 00121 என்றால் முதல் இதழ், பி அட்டை, முதல் அச்சு. 00112 என்றால் முதல் இதழ், ஏ அட்டை, இரண்டாம் அச்சு. விற்பவர் முதல் அச்சு என்று சொல்லி, படத்தில் கடைசி இலக்கம் 2 என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பார்கோடு தெளிவாகத் தெரியும் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

எழுத்தே இல்லாத 'வேர்ஜின்' அட்டைகளில் பார்கோடு பெரும்பாலும் பின்னட்டையில் இருக்கும். 'ஃபக்சிமிலி' என்று வருபவை பழைய இதழின் மறுபதிப்பு, விளம்பரங்கள்கூட அன்று இருந்தபடியே இருக்கும். அசலென்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். பதிப்பு விபரப் பகுதியில் புதிய ஆண்டு இருக்கும், தாளும் வெள்ளையாக, மொடமொடப்பாக இருக்கும்.

எப்போது வாங்கினால் விலை குறைவு?

அவசரப்படாதவர்களுக்குத்தான் குறைவு. வெளிவந்த வாரத்தில் விலை உச்சம். யாரோ ஒருவர் காணொளியில் "கட்டாயம் வைத்திருக்க வேண்டியது" என்று சொல்லியிருப்பார். மூன்று மாதம் பொறுத்தால் பெரிய கடைகள் மிச்சப் பிரதிகளைத் தள்ளிவிடத் தொடங்கும். 1:10, 1:25 அட்டைகளில் பெரும்பாலானவை அப்போது சாதாரண இதழின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். விலையைப் பார்க்கும்போது கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஒரே அட்டைக்கு ஒருவர் 80 டொலர் கேட்பார், கடைசியாக விற்றது 12க்காக இருக்கும்.

டிசியின் தடித்த அட்டைப் பதிப்புகள் சாதாரண இதழைவிட ஒரு டொலர் கூட. அவற்றில் விகித விளையாட்டு இல்லாதவையும் நிறைய, விலையும் முன்கூட்டியே தெரியும்.

மலைநாட்டுக்கு வரவழைப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஒரு இதழை மட்டும் தனியாக அமெரிக்காவில் இருந்து வரவழைத்தால் தபால் செலவு இதழின் விலையைப் போல் சில மடங்கு ஆகிவிடும். பையும், இதழ் வளையாமல் அதற்குள் வைக்கும் பாதுகாப்பு அட்டையும் சேர்ந்த ஒரு இதழ் 100 கிராமுக்குச் சற்று மேல். நாலைந்து பேர் சேர்ந்து 15, 20 இதழாக ஒரே பார்சலில் எடுத்தால் ஆளுக்கு வரும் செலவு தாங்கக்கூடியதாக இருக்கும். சேர்ந்து எடுக்கும்போது யாருக்கு எது, யார் எவ்வளவு கட்டினார் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நட்பு கெடுவது பெரும்பாலும் சுங்கவரியைப் பங்கு பிரிக்கும்போதுதான்.

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: இதழ்களை இரண்டு நெளி அட்டைகளுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். அட்டைகள் இதழைவிடச் சுற்றிலும் ஒரு அங்குலம் பெரிதாக இருக்கட்டும். ஒன்றின் நெளி குறுக்காகவும் மற்றதன் நெளி நெடுக்காகவும் இருந்தால் எந்தப் பக்கமும் மடியாது. அதற்கு வெளியே பிளாஸ்டிக் உறை, பிறகு பெட்டி. பெட்டிக்குள் அசையக் கூடாது. மூலை நசுங்குவது பெரும்பாலும் அசைவால்தான். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மழையில் பார்சல் எங்கே நனையும் என்று சொல்ல முடியாது, ஆகவே பிளாஸ்டிக் உறையைக் கட்டாயம் கேளுங்கள்.

விலையைக் குறைத்து எழுதித் தாருங்கள் என்று விற்பவரிடம் கேட்காதீர்கள். பார்சல் தொலைந்தால் இழப்பீடு அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

மினுமினுப்பு அட்டை நுவரெலியாவில் வளைந்துவிடுகிறதே, ஏன்?

குறை இதழில் இல்லை, காற்றில். ஃபொயில் அட்டையின் வெளிப்பக்கம் உலோகப் படலம், அது ஈரத்தை உறிஞ்சாது. உட்பக்கம் தாள், அது உறிஞ்சும். ஈரம் ஏறும்போது தாள்பக்கம் விரியும், படலப்பக்கம் அப்படியே இருக்கும். விளைவு, அட்டையின் திறந்த ஓரம் உங்களை நோக்கி மேலே எழும்பும். வெயில் காய்ந்த நாளில் தாள் சுருங்கும்போது எதிர்ப்பக்கம் வளையும். 1,868 மீற்றர் உயரத்தில் காலையில் பனிமூட்டம், மதியம் வெயில், மாலையில் மழை என்று ஒரே நாளில் மாறும்போது அட்டையும் கூடவே ஆடுகிறது. கொழும்பில் ஈரம் அதிகம்தான், ஆனால் இந்த அளவுக்கு ஏற்ற இறக்கம் இல்லை.

சரிசெய்ய இப்படிச் செய்யுங்கள். இதழின் முன்னும் பின்னும் ஒவ்வொரு பாதுகாப்பு அட்டை வைத்துப் பையில் போடுங்கள். வழுவழுப்பான பக்கம் இதழைத் தொட வேண்டும். சமதளமான மேசையில் வைத்து, மேலே இதழைவிடப் பெரிய தட்டையான பலகை, அதன் மேல் இரண்டு மூன்று கிலோ எடை. இரண்டு மூன்று வாரம் தொடாதீர்கள். அறையின் ஈரப்பதம் 50 வீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் பலன் நிற்கும். 80 வீதத்தில் அழுத்தி வைத்தால் எடுத்த அன்றே திரும்ப வளையும்.

இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். படலம் தாளில் இருந்து பிரிந்து கொப்பளம் போல் எழும்பும். அதற்குப் பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது. இன்னொன்று: ஃபொயிலில் விரல் ரேகை ஒருமுறை பதிந்தால் அழுத்தித் துடைக்க முடியாது, துடைத்தால் கீறல் விழும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கப் பழகுங்கள்.

ஈரமான வீட்டில் வைப்பவர் விலை கொடுத்து ஃபொயில் அட்டை வாங்குவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. அதே படத்தின் சாதாரணத் தாள் பதிப்பு பெரும்பாலும் உண்டு, மலிவும்கூட.

பை, பாதுகாப்பு அட்டை இங்கே கிடைக்காவிட்டால்?

தற்கால அமெரிக்க இதழ் 6⅝ × 10¼ அங்குலம். அதற்கான பை 6⅞ × 10½. வரவழைக்க முடியாவிட்டால், பொதி செய்யும் பொருள் விற்கும் கடைகளில் சட்டை, வாழ்த்து அட்டைகளுக்கு வரும் தெளிவான பொலிபுரொப்பிலீன் பையை அளவு பார்த்து வாங்கலாம். கசக்கினால் கரகரவென்று சத்தம் வரும், வாடை இருக்காது. மென்மையாக, ரப்பர் வாடையோடு இருப்பது பிவிசி. அது காலப்போக்கில் அமிலம் விடும், அட்டை மையையும் ஒட்டிக்கொள்ளும். வாங்காதீர்கள்.

பாதுகாப்பு அட்டைக்கு அமிலமற்ற வெள்ளை ஆர்ட் போர்ட். பிஸ்கட் பெட்டி அட்டை, கொப்பியின் சாம்பல் நிறப் பின்னட்டை ஆகியவை அமிலம் கொண்டவை. சில ஆண்டுகளில் இதழின் பின்னட்டையில் மஞ்சள் நிழல் விழும்.

மடிப்பை ஒட்டும் டேப் விஷயத்தில்தான் அதிக சேதம் நடக்கிறது. இதழை வெளியே இழுக்கும்போது திறந்திருக்கும் டேப் அட்டையில் ஒட்டி மையோடு உரிந்து வரும். மடிப்பைத் திறந்ததும் டேப்பை முழுதாகப் பிரித்து எடுத்துவிட்டுப் பிறகு இதழைத் தொடுங்கள்.

எங்கே, எப்படி வைப்பது?

சாதாரண ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் பெட்டி இருக்கும் இடத்தில் வையுங்கள். 45 முதல் 55 வீதம் நல்லது. 65ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடித்துத் துரு தாளுக்குள் பரவும். இதழைத் திறந்து நடுப்பக்கக் கம்பியைப் பாருங்கள், பிரச்சினை முதலில் தெரிவது அங்கேதான்.

மேற்குச் சரிவில் ஆபத்துக் காலம் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அது வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம், டிசம்பர் முதல் பெப்ரவரி. ஹட்டனில் இருப்பவர் சொல்லும் மாதக் கணக்கைப் பதுளைக்காரர் அப்படியே பின்பற்றினால் நேரெதிராக முடியும்.

மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி, இதழ்கள் நிமிர்ந்த நிலையில். சரிந்து சாயாத அளவுக்கு நிறைத்து, ஒன்றை எடுக்க விரல் நுழையும் இடம் விடுங்கள். பெட்டி பாதி காலியாக இருந்தால் குளிர் இரவில் உட்சுவரில் நீர் படியும், நிறையத் தாள் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாளே தணித்துவிடும். வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், நாலு விரல் இடைவெளி வேண்டும். சீமெந்துத் தரையில் இருந்து அரை அடி உயரத்தில் பலகை மேல். லயத்து வீடு என்றால் அடுப்படிச் சுவருக்கு மறுபக்கம் வேண்டாம். விறகுப் புகையின் கரி பைக்குள்ளும் போகும், வாடை போகவே போகாது. தகரக் கூரைக்கு நேர் கீழே அட்டாலையில் வைப்பதும் தவறு, பகலில் சூடும் இரவில் குளிருமாக அடிக்கும்.

30 லீற்றர் பெட்டிக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல், துணிப்பையில் கட்டி. செம்மஞ்சளில் இருந்து பச்சையாக மாறும் வகை நல்லது, நீல வகையில் இருக்கும் கோபால்ட் உடலுக்குக் கெடுதல். நிறம் மாறியதும் 120 பாகை செல்சியஸ் அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் வேலை செய்யும். பெட்டியை ஈரமான நாளில் திறந்து திறந்து மூடினால் எவ்வளவு ஜெல் போட்டும் பயன் இல்லை. இதழை எடுக்க வேண்டுமென்றால் வெயில் நாளின் மதியத்தில் எடுங்கள்.

பூச்சி உருண்டையை உள்ளே போடாதீர்கள். வாடை தாளில் ஏறும், சில வகை பிளாஸ்டிக்கையும் மென்மையாக்கிவிடும். இராமபாணப் பூச்சி ஈரத்தைத் தேடித்தான் வரும், ஈரம் குறைந்தால் அதுவும் குறையும்.

பழைய தேயிலைப் பெட்டி வீட்டில் இருக்கிறது, அதில் வைக்கலாமா?

உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருப்பதால் ஆசை வரும். ஆனால் உடல் ஒட்டுப்பலகை. அதில் இருந்து வரும் அமில ஆவி தாளை மஞ்சளாக்கும், ஈயத்தாளும் மூலைகளில் கிழிந்திருக்கும். கூடத்தில் அழகுக்கு வையுங்கள். காமிக்ஸ் வேண்டாம்.

நுவரெலியாவில் இருந்து கொழும்புக்குக் கொண்டுபோகும்போது?

குளிர்ந்த இதழைக் கொழும்பின் சூடான ஈரக் காற்றில் உடனே திறந்தால், ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த போத்தல் போல மேற்பரப்பில் நீர் படியும். பொதியைப் பிரிக்காமல் சில மணி நேரம் அறையில் வைத்துவிட்டுத் திறங்கள்.

தமிழ் காமிக்ஸில் மாற்று அட்டை உண்டா?

நம்மிடையே ஒரு இதழுக்கு ஒரு அட்டை என்பதுதான் வழக்கம். முத்து காமிக்ஸ் 1972இல், லயனும் ராணியும் 1984இல் தொடங்கின. ராணி 2005இல் நின்றுபோனது. சிவகாசியில் வரைந்த பல அட்டைகள் ஐரோப்பிய மூலத்தின் அட்டையில் இருந்து முற்றிலும் வேறு, ஆகவே மூலத்தையும் சேர்ப்பவருக்கு ஒருவகையில் அதுவே மாற்று அட்டை. தமிழில் பேரம் நடப்பது முதல் பதிப்பா மறுபதிப்பா என்பதில்தான். இரும்புக்கை மாயாவி கதைகள் புது அட்டையோடு மறுபதிப்பாக வந்திருக்கின்றன. அச்சான விலையைப் பாருங்கள்: ஒரு ரூபாய்க்குக் கீழ் என்றால் பழையது, ஐம்பது ரூபாய் என்றால் மறுபதிப்பு. அட்டை கிழிந்து வேறு அட்டை ஒட்டப்பட்ட பழைய இதழ்களும் சுற்றுகின்றன, கம்பி அட்டையையும் உட்பக்கத்தையும் ஒரே துளை வழியாகத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சென்னைப் புத்தகக் கண்காட்சி ஜனவரியில் நடக்கும்போது போகிறவரிடம் பட்டியல் கொடுத்து அனுப்புவது தபாலைவிட மலிவு. பயணப்பையின் நடுவில், துணிகளுக்கு இடையில் தட்டையாக வைக்கச் சொல்லுங்கள்.

தரப்படுத்தி, கண்ணாடி போன்ற உறையில் அடைத்து வருவதை வாங்கலாமா?

சிஜிசி 2000இல் தொடங்கிய தரப்படுத்தும் நிறுவனம், 10க்கு இத்தனை என்று புள்ளி போட்டு முத்திரை வைக்கும். இங்கிருந்து அனுப்பிப் பெறுவதற்குப் போகவர தபால், காப்புறுதி, கட்டணம் மூன்றும் சேர்ந்தால், சில நூறு டொலருக்குக் குறைந்த இதழுக்குக் கட்டுப்படி ஆகாது. ஏற்கெனவே தரப்படுத்தியதை வாங்குவதானால் நீல லேபல் சாதாரணமானது, மஞ்சள் சாட்சியோடு கையெழுத்திட்டது, ஊதா திருத்தம் செய்யப்பட்டது. உறைக்குள்ளும் ஈரம் போகும், சிலிக்கா ஜெல் அதற்கும் வேண்டும்.

அட்டையில் ஒட்டிய கடை விலை ஸ்டிக்கரையும் வாசிகசாலை முத்திரையையும் எடுக்கலாமா?

முத்திரையைத் தொடாதீர்கள். மை தாளுக்குள் இறங்கியிருக்கும், அழித்தால் ஓட்டைதான் மிஞ்சும்.

ஸ்டிக்கர் வழுவழுப்பான அட்டையில் இருந்தால் முயலலாம். தலைமுடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அரை நிமிடம் காட்டி, ஒரு மூலையை நகத்தால் எழுப்பி, அட்டையோடு ஒட்டிய கோணத்தில் மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் மை உரியும். தடுத்தால் மறுபடி சூடு, மறுபடி இழுப்பு. மிஞ்சிய பசையைச் சுத்தமான விரலால் உருட்டி எடுக்கலாம், தண்ணீர் வேண்டாம். ஃபொயில் அட்டையிலும், பழைய ராணி, முத்து இதழ்களின் மெல்லிய அட்டையிலும் இதைச் செய்யாதீர்கள். அவற்றில் ஸ்டிக்கர் இருந்தபடியே இருக்கட்டும்.